சுட்ட பிறகும் சுடும் குண்டு!

ஏரி வாத்தையும் வீட்டுக் குழந்தையையும் தேடி வரும் ஈயம்

செஞ்சிக்குப் பக்கத்தில் பனமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து ஊர். அங்கே ஒரு குன்று. குன்றின் மேல் ஒரு கோவில். அடியில் பரந்து கிடக்கும் பெரிய ஏரி.

கோவிலைக் கட்டியவன் பல்லவ மன்னன் ராஜசிம்மன். கட்டி 1,300 ஆண்டுகள் ஆகின்றன. கோவில் சுவரில் பார்வதி தேவியின் ஓவியம் ஒன்று உண்டு. தலைக்கு மேலே குடை. ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். சுவாமி ஆடுவதை அவள் பார்த்துக்கொண்டு நிற்பதாகச் சித்திரம். கோவில் ஓவியங்களில் பெரும் பகுதி உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதைக் காண எங்கிருந்தெல்லாமோ கலை ரசிகர்கள் வருகிறார்கள்.

அந்தக் குன்றிலிருந்து இறங்கி ஏரிக்கு வருவோம்.

மழை பெய்து ஏரிகள் நிரம்பியதும் இந்தப் பக்கத்தில் வாத்துகள் வந்து இறங்கும். ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன் என்று பல வகை. நாமக்கோழியும் உள்ளானும் கூட வரும். சில வாத்துகள் சைபீரியாவிலிருந்து, இமயமலையையே தாண்டி வருகின்றன! தை, மாசி வரை தங்கிவிட்டு, வெயில் ஏறியதும் திரும்பிவிடும்.

இப்படி ஓர் ஏரியில், ஒருவன் விடிவதற்கு முன்னால் திருட்டுத்தனமாக வந்து துப்பாக்கியால் சுடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவை வேட்டைக்கான தோட்டா ஒன்றில் 200 அல்லது 300 சின்னச் சின்னக் குண்டுகள் இருக்கும். இதற்கு "ரவை" என்று பெயர். (உப்புமா ரவை அல்ல!) சுட்டதும் ரவைகள் விசிறி போல விரிந்து போகும். வாத்தின் மேல் படுவது ஐந்தாறு. மற்றவை?

மற்றவை ஏரிச் சேற்றில் விழுந்துவிடும். சுட்டவன் போய்விடுவான். ரவை போகாது. பல்லவன் காலத்து ஓவியம் உதிர்ந்துவிட்டது. ஈய ரவை அவ்வளவு சீக்கிரம் உதிராது. பல ஆண்டுகள் சேற்றிலேயே கிடக்கும். கிடப்பதோடு நிற்காது, அடுத்த வாத்தைக் கொல்லும்.

எப்படி? அதைத்தான் சொல்லப் போகிறோம்.

இரண்டு ஈயம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "ஈயம்" என்று நாம் சொல்லுவது ஒரு பொருள் அல்ல, இரண்டு!

ஒன்று வெள்ளீயம். பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இதில்தான் செய்யவேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசவேண்டியதும் இதுதான். நல்ல வெள்ளீயத்தால் கெடுதல் இல்லை.

மற்றது காரீயம். கறுப்பாக, கனமாக இருக்கும். துப்பாக்கிக் குண்டு, கார் பாட்டரி, மீன் வலையில் கட்டும் குண்டு எல்லாம் காரீயம். இது விஷம். லாபத்துக்காக யாராவது ஈயச் சொம்பில் காரீயத்தைக் கலந்துவிட்டால் ரசமும் விஷமாகிவிடும். ஆகவே, சொம்பு வாங்கும்போது நம்பிக்கையான கடையில் வாங்கவேண்டும்.

(பென்சிலுக்குள் இருப்பதும் காரீயம் என்று சொல்லுவார்கள். அது ஒரு வகைக் கரி. உலோகமே அல்ல. பிள்ளைகள் பென்சிலைக் கடித்தால் அந்தக் கரிக்காகப் பயப்பட வேண்டாம்.)

இனிமேல் இந்தக் கட்டுரையில் ஈயம் என்றால் காரீயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிக் கோட்டைக் காலம்

துப்பாக்கி தோன்றிய நாளிலிருந்து குண்டுக்கு ஈயம்தான். அதற்குக் காரணம் உண்டு. ஈயம் கனமானது, இரும்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கனமான குண்டு வேகம் குறையாமல் தூரம் போகும். மெத்தென்று இருப்பதால் துப்பாக்கிக் குழலைக் கீறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 327 டிகிரிச் சூட்டிலேயே உருகிவிடும். இரும்பை உருக்க 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈயத்துக்கு அடுப்புத் தணல் போதும்!

அந்தக் காலத்துச் சிப்பாய்கள் ஈயத்தைக் கரண்டியில் உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு செய்துகொண்டார்கள். செஞ்சிக் கோட்டை பார்க்காத சண்டையா? 1690-ம் ஆண்டு முதல் 1698-ம் ஆண்டு வரை மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகை இட்டான். உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம் இருந்தார். பிறகு 1750-ம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தான். 1761-ல் வெள்ளைக்காரர் கைக்குப் போயிற்று. அந்தக் காலத்தில் கைத்துப்பாக்கி என்றாலே ஈயக் குண்டுதான்.

சின்ன ரவை செய்வதற்கு ஒரு வேடிக்கையான முறை வந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் வில்லியம் வாட்ஸ் என்பவர் 1782-ம் ஆண்டில் இதற்கு உரிமை பெற்றார். உயரமான கோபுரத்தின் உச்சியில் ஈயத்தை உருக்கி, சல்லடை வழியாகக் கொட்டுவார்கள். மழைத்துளி போலக் கீழே விழும்போதே அது உருண்டையாகிவிடும். அடியில் தண்ணீர்த் தொட்டி. அதில் விழுந்து இறுகிவிடும். முத்து முத்தாக ரவை!

பல் இல்லாத பிராணி

பறவைக்குப் பல் கிடையாது. ஆனால், தானியத்தை அரைக்கவேண்டுமே! அதற்கு இயற்கை ஒரு வழி செய்திருக்கிறது.

வீட்டில் நாட்டுக்கோழி அறுக்கும்போது பார்த்திருப்பீர்கள். கெட்டியான தசைப்பை ஒன்று இருக்கும். அதைப் பிளந்தால் உள்ளே மணலும் சிறு கல்லும் கிடக்கும். கோழி அவற்றை வேண்டுமென்றே விழுங்குகிறது. அந்தப் பைதான் அதற்கு அம்மி. கல்தான் குழவி.

வாத்தும் அப்படித்தான். ஏரி அடியில் அலகை விட்டுத் துழாவிக் கல் பொறுக்கும். ஈய ரவை பார்ப்பதற்கு விதை போலவும் இருக்கும். சிறு கல் போலவும் இருக்கும். வாத்து அதை விழுங்கிவிடும். அதற்கு என்ன தெரியும்?

உள்ளே போன ரவையை அந்த அம்மி அரைக்கும். வயிற்றில் உள்ள அமிலம் அதைக் கரைக்கும். ஈயம் ரத்தத்தில் ஏறும். சில ரவைகளே ஒரு வாத்தைக் கொல்லப் போதும்.

உடனே சாகாது. முதலில் மெலியும். சாணம் பச்சையாகப் போகும். இறக்கை தொங்கிவிடும். பறக்க முடியாமல் கோரைப் புதருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு, மூன்று வாரத்தில் முடிந்துவிடும். நரியோ பருந்தோ தின்றுவிடும். அதனால்தான் இந்தச் சாவு யார் கண்ணிலும் படுவதில்லை. குவியலாகச் செத்தால் ஊர் கூடும். ஒன்று ஒன்றாகச் செத்தால் யார் கேட்பார்கள்?

அமெரிக்காவில் பெல்ரோஸ் என்ற விஞ்ஞானி இதைக் கணக்கிட்டு 1959-ம் ஆண்டில் வெளியிட்டார். அந்த நாட்டில் ஆண்டுக்கு 16 லட்சம் முதல் 24 லட்சம் நீர்ப்பறவைகள் வரை ஈயத்தால் சாகின்றன என்றார். இவை சுடப்பட்டுச் செத்தவை அல்ல; தவறிப்போன ரவையைத் தின்று செத்தவை! அவர் சொல்லி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, அமெரிக்கா முழுவதும் வாத்து வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்று தடை வர. 1991-ம் ஆண்டில்தான் வந்தது. பலன் கைமேல் கிடைத்தது. 1997-ம் ஆண்டில் மட்டும் சுமார் 14 லட்சம் வாத்துகள் பிழைத்தன என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

பிணம் தின்னும் பறவைக்கும் பிணி

மான், பன்றி போன்ற பெரிய பிராணிகளுக்கு ரவை போதாது. ரைபிள் குண்டு வேண்டும். ஈய ரைபிள் குண்டு உடம்பில் பாய்ந்ததும் சிதறும். நூற்றுக்கணக்கான தூள்களாகிக் கறியில் பரவும். சில தூள்கள் கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்ரே படத்தில் நட்சத்திரக் கூட்டம் போலத் தெரியும்.

வேட்டைக்காரன் மானின் குடலை எடுத்துக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போவான். அதைத் தின்ன வரும் கழுகுக்கு ஈயமும் சேர்ந்து கிடைக்கும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் "காண்டார்" என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு உண்டு. 1982-ம் ஆண்டில் உலகத்தில் மிஞ்சி இருந்தவை 22 மட்டுமே! எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வளர்த்து, குஞ்சு பொரிக்கச் செய்து, 1992-ம் ஆண்டு முதல் மீண்டும் காட்டில் விட்டார்கள். விட்ட பறவைகளைக் கொன்றவற்றில் முதல் இடம் ஈயத்துக்கு. 2019-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் கலிபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது.

ஜப்பானில் ஹொக்கைடோ தீவிலும் இதே கதை. சுட்ட மானைத் தின்ற கடல் கழுகுகள் செத்து விழுந்தன. 2000-ம் ஆண்டில் அங்கே மான் வேட்டைக்கு ஈய ரைபிள் குண்டைத் தடுத்தார்கள்.

நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது வேறு விஷம். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து. அந்த மருந்தை மாட்டுக்குப் போடக்கூடாது என்று 2006-ம் ஆண்டில் மத்திய அரசு தடை செய்தது. தப்பியவற்றில் சில நம் முதுமலைப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு விஷம் வேண்டாம்.

குழம்புச் சட்டியில்

"பறவைக்குத்தானே? நமக்கு என்ன?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள்.

2008-ம் ஆண்டில் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். வேட்டைக்காரர்கள் மான்கறியை ஏழைகளுக்குத் தானம் செய்வது அங்கே வழக்கம். நல்ல காரியம்தான். ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. சுமார் 100 கறிப் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்ட பொட்டலங்களில் உலோகத் தூள்! அந்தக் கறியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்லிவிட்டது.

நம் சமையலில் இன்னொரு சங்கதி உண்டு. புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். ஸ்பெயின் நாட்டில் காடைக்கறியில் ஈய ரவையை வைத்து, வினிகர் சேர்த்துச் சமைத்துச் சோதித்தார்கள். ரவையை எடுத்துவிட்டாலும் கறியில் ஈயம் இறங்கி இருந்தது. நம் ஊரில் வினிகர் இல்லை, புளி இருக்கிறது. சுட்ட கொக்கையோ முயலையோ புளி ஊற்றிக் குழம்பு வைத்தால், குண்டைப் பொறுக்கி எறிந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து ஏமாந்துவிடுகிறது. எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது. அங்கே அது பல ஆண்டுகள் இருக்கும். ஒரு பெண் கர்ப்பமானால், எலும்பில் இருந்த ஈயம் ரத்தத்தில் இறங்கிக் குழந்தைக்குப் போகும். பெரியவர்களை விடச் சிறு குழந்தைகளின் உடம்பு 4, 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சுகிறது. அது போய்த் தாக்குவது மூளையை. குழந்தைக்குச் சோகை வரும், வயிற்று வலி வரும், படிப்பு ஏறாது. "மந்தப் பிள்ளை" என்று வாத்தியார் அடிப்பார். அடிபடுகிற பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் இருப்பது யாருக்குத் தெரியும்? ரத்தச் சோதனையில்தான் தெரியும். "இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது" என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

வேட்டைக்குப் போகாத வீட்டிலும் இந்த ஆபத்து வரலாம். மீன் பிடிப்பவர்கள் சிலர் பழைய பாட்டரி ஈயத்தை வீட்டு அடுப்பிலேயே உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பது உண்டு. அந்தப் புகையும் தூசும் பக்கத்தில் விளையாடும் பிள்ளைக்குப் போகும். தூண்டில்காரர்களில் சிலர் ஈயத்தைப் பல்லால் கடித்தே நூலில் பொருத்துவார்கள். இரண்டும் கூடவே கூடாது. இங்கிலாந்தில் தூண்டில் ஈயத்தைத் தின்று அன்னப் பறவைகள் ஏராளமாகச் செத்ததால், 1987-ம் ஆண்டிலேயே சிறு தூண்டில் ஈயத்துக்குத் தடை போட்டார்கள். நம் முன்னோர் வலைக்குச் சுட்ட களிமண் குண்டு கட்டினார்கள். அது ஏரியில் விழுந்தாலும் மண்தான்.

ஈயத்துக்கு மாற்று

ஈயம் வேண்டாம் என்றால் வேறு எது?

பறவை வேட்டைக்கு இரும்பு ரவை வந்தது. விலை அதிகம் இல்லை. ஆனால், இலேசானது, வேகம் சீக்கிரம் குறையும். ஆகவே கொஞ்சம் பெரிய ரவையாகப் போட்டு, கிட்டப் போய்ச் சுடவேண்டும். கடினமாகவும் இருக்கும். தாத்தா காலத்துத் துப்பாக்கிக் குழலை அது கெடுத்துவிடலாம். அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு "பிஸ்மத்" என்ற உலோகம் இருக்கிறது. மெத்தென்று இருக்கும்; விலைதான் கூடுதல். "டங்ஸ்டன்" ஈயத்தை விடக் கனம். விலையைக் கேட்டால் தலை சுற்றும். ரைபிளுக்குச் செம்புக் குண்டு. அது பாய்ந்ததும் பூ மாதிரி விரியும்; தூளாகச் சிதறாது.

வேட்டைக்காரர்கள் எதிர்த்தார்கள். "குறி தவறும், பிராணி அரைகுறையாக அடிபட்டுத் துடிக்கும்" என்றார்கள். இதைக் கேலி செய்ய முடியாது, நியாயமான கவலை. டென்மார்க் நாடு இதைச் செய்து பார்த்துவிட்டது. 1996-ம் ஆண்டிலேயே ஈய ரவையை முழுக்க ஒழித்தது. வேட்டை நின்றுவிடவில்லை. 2024-ம் ஆண்டு ஏப்ரல் முதல் ஈய ரைபிள் குண்டும் அங்கே கூடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஏரி, சதுப்பு நிலங்களில் ஈய ரவைக்கு 2023-ம் ஆண்டு பிப்ரவரி முதல் தடை.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு மாதிரி முயன்றார்கள். "சட்டம் வேண்டாம், 5 ஆண்டில் நாங்களாகவே விட்டுவிடுகிறோம்" என்று 2020-ம் ஆண்டில் வேட்டைச் சங்கங்கள் சொன்னார்கள். கடையில் விற்ற பறவைகளை வாங்கிச் சோதித்தால், மிகப் பெரும்பாலானவற்றில் ஈயமே இருந்தது! கடைசியில், 2025-ம் ஆண்டு ஜூலையில் அரசாங்கமே தடையை அறிவித்தது.

நம் ஊரில் ஏழை வேட்டைக்காரர்கள் நாட்டுத் துப்பாக்கியில் சைக்கிள் பால்ரஸ் குண்டைப் போடுவது உண்டு. அது இரும்பு. விஞ்ஞானம் சொல்லிச் செய்ததல்ல. கையில் கிடைத்ததைப் போட்டார்கள். அதனால் அது நல்ல வேட்டை என்று நாம் சொல்லவில்லை. சட்டப்படி அதுவும் குற்றம்தான்.

வேடந்தாங்கல் கொடுத்த மனு

பறவையைச் சுடக்கூடாது என்று தமிழ்நாட்டில் முதலில் கிளம்பியவர்கள் சட்டசபைக்காரர்கள் அல்ல, குடியானவர்கள்!

செங்கற்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டார்கள். 1798 வாக்கில், பறவைகளைக் காக்க ஊராருக்கு உரிமை தந்து எழுத்துமூலம் உத்தரவு கிடைத்தது. 1858-ம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது. அது அவர்களுக்குத் தெரியும். பாசமும் உண்டு, கணக்கும் உண்டு.

நாடு முழுவதற்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ம் ஆண்டில் வந்தது. 1991-ம் ஆண்டுத் திருத்தம் வேட்டையை அநேகமாக முழுக்க மூடிவிட்டது. வேட்டையே கூடாது என்ற பிறகு, குண்டு ஈயமா இரும்பா என்ற கேள்வி எழவில்லை. விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி ஏரியும் 2021-ம் ஆண்டில் பறவைகள் சரணாலயம் ஆயிற்று.

நரிக்குறவர் குடும்பங்கள் பல, துப்பாக்கியை விட்டு ஊசி, பாசிமணி வியாபாரத்தில் இருக்கிறார்கள். 2023-ம் ஆண்டில் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். திருட்டு வேட்டை என்றதும் அவர்கள் பக்கமே கை நீட்டுவது சிலருக்கு வழக்கம். காரில் வந்து சுட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

பன்றிக்கு எந்தக் குண்டு?

இப்போது அந்தப் பழைய கேள்வி வேறு வழியாக வந்து நிற்கிறது. காட்டுப்பன்றி!

செஞ்சிப் பக்கம் மல்லாட்டை போடும் நாடு. (மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள்.) மல்லாட்டை என்றால் பன்றிக்கு உயிர். ஓர் இரவு இறங்கினால் கொல்லையை உழுதுவிட்டுப் போய்விடும். கடன் வாங்கி விதைத்தவன் வயிற்றெரிச்சல் கொஞ்சமா?

கேரளத்தில் 2022-ம் ஆண்டில் பஞ்சாயத்துத் தலைவர்களே பன்றியைச் சுட அனுமதி தரலாம் என்று அரசு உத்தரவு போட்டது. சுட்ட பன்றியைத் தின்னக்கூடாது, புதைத்துவிடவேண்டும். தமிழ்நாட்டில் 2025-ம் ஆண்டு ஜனவரியில் வேறு வகையாக முடிவு செய்தார்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டி 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது.

நல்லது. பயிரும் பிழைக்கவேண்டும். ஆனால், எந்தக் குண்டு?

ஈயக் குண்டால் சுட்ட பன்றி புதருக்குள் ஓடி விழுந்தால், அதை நரி தின்னும், பருந்து தின்னும், ஊர் நாய் தின்னும். யாராவது இரவோடு இரவாகக் கூறு போட்டால் வீட்டுப் பிள்ளைகளும் தின்னும். ஆழமாகப் புதைத்தால் பாதி ஆபத்து குறையும். குண்டு செம்பாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

செம்புக் குண்டுக்கு விலை கூடத்தான். ஆனால், ஒரு பன்றிக்கு ஒரு குண்டு, தவறினால் இரண்டு. ஒரு மூட்டை மல்லாட்டையின் விலைக்கு அது பக்கத்தில்கூட வராது. தமிழ்நாட்டில் சுடுகிறது வனத்துறை. குண்டு வாங்குவதும் வனத்துறை. ஆளுக்கு ஆள் கெஞ்ச வேண்டியதில்லை. வாங்கும் சீட்டில் ஒரு வார்த்தையை மாற்றி எழுதினால் போதும்.